அதே வாசனைதானா

அக்டோபர் இரண்டாவது செவ்வாய்.
துலூத் நகரத்து வணிக வளாகத்தில்
அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்குகிறது குளிர்காலம்.
ஏரியோ இன்னும்
ஓரத்தில்கூட உறையவில்லை.

பெட்டி கிழிக்கும் கத்தியோடு நானும் மார்லிஸும்.
நள்ளிரவு ஃபிர், இஞ்சி ரொட்டி,
சர்க்கரை தூவிய கிரான்பெரி,
அப்புறம் 'உறைந்த ஏரி' என்று ஒன்று:
நீல மெழுகு, மூன்று திரி, இருபத்தாறு டாலர்.
ஏரி இருக்கிற ஊரிலேயே விற்கிறோம்.
வாங்குகிறார்கள்.

பத்து மணிக்குக் கதவு திறந்ததும்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
உள்ளே வந்துவிடும் அபிப்பிராயங்கள்.
மூடியைத் திறப்பார்கள், கண்ணை மூடுவார்கள்.
"போன வருஷத்தது இன்னும் அடர்த்தி."
"ஃபிர்ல ஃபிர்ரே இல்லை, தரை துடைக்கிற தண்ணிதான் இருக்கு."
"இஞ்சி ரொட்டி திரும்பி வந்ததே, அது போதும்."
"கிரான்பெரியை ஏன்தான் திரும்பக் கொண்டுவர்றீங்களோ."
சண்டை முற்றினால் என் பக்கம் திரும்புவார்கள்:
நீ சொல்லு, அதே வாசனைதானா?

அதேதான் என்பேன்.

மூக்கும் முழியுமாகத்தான் இருக்கிறேன்.
மூன்று வருடத்துக்கு முந்தைய காய்ச்சல் ஒன்று
முழியை விட்டுவிட்டு
மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.
காபி என்றால் சூடு. சோப்பு என்றால் வழுக்கல்.
பால் கெட்டதா என்று
தேதியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.
மார்லிஸிடம்கூடச் சொல்லவில்லை.
கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் படித்தே
காலம் தள்ளினேன்:
புருவம் உயர்ந்தால் பட்டை,
உதடு சுருங்கினால் ஆரஞ்சுத் தோல்,
தோள் இறங்கினால் வனிலா.
நல்ல ஃபிர் என்றால்
ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள்.

ஜனவரி, தள்ளுபடி வாரம்.
ஆர்வில் டுவோமினென் வந்தான்,
நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன்.
பூட்ஸிலிருந்து உப்புத் தண்ணீர் தரையெங்கும்.
கையில் பாதி எரிந்த 'உறைந்த ஏரி',
நடுவில் கிணறு மாதிரிக் குழி,
சுற்றிலும் மெழுகு அப்படியே.
மூக்குக்கு மேல் கோபம்.
"அதே பேர், அதே நீலம். ஆனா இது அது இல்லை.
நீயே மோந்து பாரு."

மோந்து பார்த்துத்தான் திருப்பி எடுக்க வேண்டும்,
கடை விதி.
மோந்தேன்.
கண்ணாடியின் குளிர். மூக்கு நுனியில் திரிக்கரி.
அவ்வளவுதான்.
அவன் முகத்தைப் படிக்கலாம் என்றால்
தாடியெல்லாம் பனி,
ஓர் எழுத்தும் தெரியவில்லை.

எனக்கு வாசனை தெரியாது என்றேன்.

ஏன் சொன்னேனோ.
ரசீதில் கையெழுத்துப் போடுங்கள் என்கிற குரலில்
சொல்லிவிட்டேன்.
வரிசையில் நின்றவர்கள் செல்போனைப் பார்த்தார்கள்.
அவன் பரிதாபப்படவில்லை.
ஜாடியைத் தன் பக்கம் இழுத்து
நெடுநேரம் குனிந்திருந்தான்.
"இது வந்து," என்றான், "பல் டாக்டர் அறை."
போன வருஷத்தது?
"ராத்திரி மூணு மணிக்கு லாரியிலேர்ந்து இறங்கி
கையுறையைப் பல்லால கடிச்சுக் கழட்டுவோம் இல்லையா,
அப்ப உள்ளேயிருந்து ஒண்ணு வரும்.
கொஞ்சம் இரும்பு. கொஞ்சம் நாம."

இருபத்தாறு டாலரையும் கொடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பல் டாக்டர் என்று எழுதினேன்.

மார்லிஸ் மூக்கின்மேல் விரலை வைத்தாள்.
"அப்ப நவம்பர்ல என் புது சென்ட் பிரமாதம்னியே?"
உன் முகம் பிரமாதமாக இருந்தது, என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து
மோந்து பார்த்துக் குப்பையில் கொட்டினாள்,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

அன்று இரவு கார் நிறுத்துமிடத்தில்
மைனஸ் இருபத்தாறு.
சாவியைத் தேடுகிற சாக்கில்
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினேன்.
இரும்பு இல்லை. நான் இல்லை.
பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது ஒரு கம்பளி இழை.
வீடு வரைக்கும் அதை
நாக்கால் துழாவிக்கொண்டே போனேன்.